கவிதை நூல் போடுவது தியாகம் அல்ல

தமிழில் கவிதை நூல் வெளியிடும் ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. கைக்காசைப் போட்டார், மனைவியின் நகையை அடகு வைத்தார், வீட்டுப் பரணெல்லாம் விற்காத கட்டுகள், கடைசிவரை லாபம் என்று ஒன்றைக் கண்ணால் பார்க்கவில்லை. அஞ்சலிக் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது அரங்கம் கனத்துப்போகும். பதிப்பாளர் உயிரோடு மேடையில் உட்கார்ந்திருக்கும் வெளியீட்டு விழாக்களிலும் இதையேதான் சொல்கிறார்கள். என்னையும் அப்படிப் பாராட்டியிருக்கிறார்கள். கவிதை எழுதுகிறவன், பிறர் கவிதைகளைப் பதிப்பிக்கிறவன் என்ற இரண்டு நிலையிலும் நின்று சொல்கிறேன்: இந்தப் பாராட்டை ஏற்க மாட்டேன். அடக்கத்தால் சொல்லவில்லை. இந்தப் பாராட்டு பொய்யான ஒரு படத்தை வரைகிறது. அந்தப் படத்தால் கவிஞர்கள் நட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் மறுக்கும் கருத்தை அதை நம்புகிறவர்கள் சொல்லும் விதத்திலேயே முதலில் வைக்கிறேன். கவிதை விற்காது. விற்காது என்று தெரிந்தே ஒருவர் அச்சிடுகிறார் என்றால் அது மொழிமீதுள்ள பற்று. பற்றுள்ள இடத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது. பார்க்கத் தொடங்கினால் அவர் வியாபாரி ஆகிவிட்டார். கவிஞராகவும் இருந்துகொண்டு வியாபாரியாகவும் ஆகிவிட்டால் கவிதை அவரை விட்டுப் போய்விடும். ஆகவே சிறு பதிப்பகம் ஒரு தொண்டு. தொண்டு செய்கிறவரிடம் நாம் காட்ட வேண்டியது மரியாதை.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இதற்குச் சான்றாக எப்போதும் சி.சு. செல்லப்பாவை நிறுத்துகிறார்கள். நானும் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய செல்லப்பா 1970 வரை 119 இதழ்களைக் கொண்டுவந்தார். புதுக்கவிதை தமிழில் காலூன்றியது அந்தப் பக்கங்களில்தான். எழுத்து பிரசுரம் என்று நூல்களையும் வெளியிட்டார். அந்த நூல்களைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். முதுமையில் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தானே அச்சிட்டார். 1998இல் இறந்தார்; 2001ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்கு வந்தபோது அதை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இத்தனையும் உண்மை. அவர் பட்ட பாடும் உண்மை. ஆனால் அவர் சுமந்தார் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிற நாம், எங்கே சுமந்து போனார் என்பதைச் சொல்வதில்லை. ‘எழுத்து’ மாதிரியான ஓர் இதழுக்கும் அதன் நூல்களுக்கும் வாசகர் எங்கே இருப்பார் என்று அவர் யோசித்திருக்கிறார். தமிழ் படிக்கும் மாணவர்களும் கற்பிக்கும் ஆசிரியர்களும் இருக்கிற இடத்துக்கு நேராகப் போயிருக்கிறார். இது விற்பனை அறிவு. மாவட்டம் மாவட்டமாக நடக்கும் புத்தகக் காட்சிகளுக்கு நாங்கள் இன்று வேன் ஏறிப் போவதும் இதே யோசனையில்தான். 1962இல் அவர் வெளியிட்ட ‘புதுக்குரல்கள்’ தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எழுத்’தில் வந்த கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகள். இதழில் வந்த கவிதை அடுத்த இதழ் வந்ததும் பழையதாகிவிடும் என்பதும், அதை நூலாக்கினால்தான் நூலகத்துக்கும் வகுப்பறைக்கும் போகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. எந்த 63 என்று முடிவு செய்த கண்தான் அவருடைய பெருமை. அந்தக் கண்ணைப் பற்றி நம் அஞ்சலிகளில் ஒரு வரி வருவதில்லை. தோள் சுமையைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம்.

செல்லப்பாவுக்கு முன்பே பாரதி இருக்கிறார். பாரதியின் வறுமையைப் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். 1920இல் தம் நூல்களை வெளியிட அவர் போட்ட திட்டத்தை எத்தனை பேர் பேசியிருக்கிறோம்? 40 நூல்கள். ஒவ்வொன்றும் 10,000 பிரதி. ஆக மொத்தம் 4 லட்சம். அச்சுக்கு வேண்டிய முதலை ஆளுக்கு 100 ரூபாய் என்று திரட்டப் பார்த்தார். நன்கொடையாகக் கேட்கவில்லை, வட்டி தருகிறேன் என்று சொல்லிக் கடனாகக் கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைப் போலத் தம் நூல்கள் வீட்டுக்கு வீடு விலைபோகும் என்று நம்பினார். திட்டம் கைகூடவில்லை, அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் கணக்கு மிகையான நம்பிக்கையில் போட்ட கணக்காக இருக்கலாம். ஆனாலும் அது கணக்கு. முதல் எவ்வளவு, பிரதி எத்தனை, திருப்பித் தருவது எப்படி என்று யோசித்த ஒரு கவிஞரின் கணக்கு. தமிழின் மகாகவிக்குத் தம் கவிதை விற்பனைச் சரக்காவதில் கூச்சம் இருக்கவில்லை. அவருக்கு வராத கூச்சத்தை நாம் ஏன் வளர்த்துக்கொண்டோம்?

இன்னும் பின்னே போனால் உ.வே. சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் அவர் ஊர் ஊராகக் கையொப்பம் வாங்கினார். நூல் வெளிவரும்போது இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று வாசகர் தரும் உறுதி அது. இன்று நாங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்று அறிவிப்பதற்கு அவர்தான் பாட்டன். ஏடு தேடி அவர் அலைந்த அலைச்சல் நமக்குத் தெரியும். கையொப்பப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பண்டிதரையும் செல்வரையும் பார்க்கப் போன அலைச்சல் அதற்குக் குறைந்ததல்ல.

ஒரு கவிதை நூல் எப்படி உருவாகிறது என்பது தெரியாததனால்தான் தியாகக் கதை இவ்வளவு எளிதாகச் செல்லுபடியாகிறது என்று நினைக்கிறேன். ஆகவே அந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓர் இளங்கவிஞரின் முதல் தொகுப்பு வருகிறது. நூற்றுக்கு மேல் கவிதைகள் இருக்கும். அவற்றில் பத்து மிக நல்லவை; இருபது நல்லவை; மற்றவை அந்த முப்பதையும் எழுதுவதற்காக எழுதிப் பார்த்தவை. கவிஞருக்கு எல்லாமே தன் பிள்ளைகள். எது நிற்கும், எது நிற்காது என்று அவரோடு பேச வேண்டும். இந்தப் பேச்சு ஓர் அமர்வில் முடியாது. சில சமயம் அவர் பிடிவாதம் சரியாக இருக்கும். நான் தள்ளி வைத்த கவிதை அவர் வாசித்துக் காட்டும்போது எழுந்து நிற்கும். அடுத்தது வரிசை. முதலில் எந்தக் கவிதை வருகிறது என்பது வாசகர் அந்தக் கவிஞரோடு எந்தத் தொனியில் அறிமுகமாகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு மரணக் கவிதைகள் அடுத்தடுத்து வந்தால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடும்.

பிறகு பக்க அமைப்பு. டெமி அளவு நூலில் ஓரங்கள் போக எழுத்துக்குக் கிடைப்பது நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல். தமிழ்ச் சொற்களோ நீளமானவை. கவிஞர் ஒரே வரியாக எழுதியது மடங்கி இரண்டு வரியாக விழும். மடங்கி விழுந்தது புது வரி அல்ல என்று வாசகர் கண்ணுக்குத் தெரியும்படி உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அல்லது எழுத்தின் அளவைக் குறைக்க வேண்டும். அல்லது கவிஞரைக் கூப்பிட்டு, இந்த வரியை எங்கே உடைக்கலாம் என்று கேட்க வேண்டும். கேட்காமல் உடைக்கிற பதிப்பாளர் கவிதையில் கை வைக்கிறார் என்று பொருள். கைபேசியில் யூனிகோடில் தட்டிய கவிதையை, பழைய எழுத்துருவில் வேலை செய்யும் வடிவமைப்பாளர் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஒற்று விழுந்துபோகும். உரைநடையில் ஒரு புள்ளி விழுந்தால் வாசகர் தானே சரிசெய்துகொள்வார். கவிதையில் அந்தப் புள்ளி இல்லாத சொல்லும் பொருள் தரக்கூடியதாக இருந்தால், தவறு தவறாகவே நிலைத்துவிடும். அதனால் கவிதை மெய்ப்பை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஃபாரம். 16 பக்கம் ஒரு ஃபாரம்; 6 ஃபாரத்துக்கு 96 பக்கம். தொகுப்பு 99 பக்கம் வந்து நின்றால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் போட முடியாது. எந்தக் கவிதையை எடுத்தால் தொகுப்பு மேலும் திடமாகும் என்று மீண்டும் பேச்சு. தாள் என்.எஸ்.ஸா மேப்லித்தோவா, பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரியாத கனம் எது, அட்டைக்கு மேட் லேமினேஷன் போட்டால் ஓவியத்தின் கறுப்பு சாம்பல் பூத்துத் தெரியுமா, நூல் திறக்கும்போது முதுகு வெடிக்காமல் பசை பிடிக்குமா. இவை ஒவ்வொன்றும் கற்றுக்கொள்ள ஆண்டுகள் பிடிக்கும் சங்கதிகள். தமிழில் இந்தத் தரத்தை ஒருவர் விடாப்பிடியாகக் காட்டினார் என்றால் அது க்ரியா ராமகிருஷ்ணன். 1974இல் க்ரியாவைத் தொடங்கினார். 1992இல் தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்தார். 2020இல் அதன் விரிவாக்கிய பதிப்பு வெளிவந்த கையோடு கொரோனாவில் மறைந்தார். எம்.ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ 1984இல் க்ரியாவில்தான் வந்தது. செம்மையாக்கம் என்பதை ஒரு தனி வேலையாக மதித்தவர் அவர். அவர் நூல்களின் விலை அதிகம் என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்த விலையில் செம்மையாக்கத்தின் கூலியும் சேர்ந்திருந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். 150 ரூபாய் விலையுள்ள 96 பக்கக் கவிதை நூல் ஒன்று. கடைக்குக் கழிவு 40 சதவீதம் என்றால் 60 ரூபாய். கவிஞருக்கு ராயல்டி 10 சதவீதம், 15 ரூபாய். மிஞ்சுவது 75 ரூபாய். இதற்குள் தாள், அச்சு, பைண்டிங், அட்டை, மெய்ப்பு, வடிவமைப்பு, அனுப்பும் செலவு, இருப்பு வைக்கும் இடம் எல்லாம் அடங்க வேண்டும். வடிவமைப்புக்கும் மெய்ப்புக்கும் அட்டைக்கும் சேர்த்து 9,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 பிரதி அச்சிட்டால் ஒரு பிரதியின் தலையில் 30 ரூபாய் ஏறும். 1,000 பிரதி அச்சிட்டால் 9 ரூபாய்தான். இந்த வேறுபாட்டில்தான் ஒரு சிறு பதிப்பகத்தின் வாழ்வும் சாவும் இருக்கிறது. நேரே வாசகருக்கு விற்கும் பிரதியில் கடைக் கழிவு மிச்சமாகும். புத்தகக் காட்சியில் வாசகருக்கு 10 சதவீதம் தள்ளுபடி போனாலும், அரங்க வாடகை கட்டினாலும் நாங்கள் அங்கே போய் நிற்பதற்குக் காரணம் இதுதான். இறுக்கமான கணக்கு, ஆனால் கட்டுபடியாகாத கணக்கு அல்ல. முன்பதிவு, நேரடி விற்பனை, தேவைக்கேற்ற சிறு அச்சு, நூலக ஆணை ஆகியவற்றில் ஏதாவது இரண்டு ஒழுங்காக நடந்தால் கவிதை நூல் தன் செலவைத் தானே எடுத்துவிடும். கவிதை விற்காது என்று சொல்கிறவர்கள் பலரும் அதை விற்க முயன்று பார்த்துவிட்டுச் சொல்வதில்லை.

தியாகக் கதை நுழையும்போது இந்தக் கணக்கில் முதலில் அழிவது எந்த வரி தெரியுமா? ராயல்டி. பதிப்பாளரே நட்டத்தில் நடத்துகிறார், அவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று கவிஞர் வாயை மூடிக்கொள்கிறார். எத்தனை பிரதி அச்சிட்டார்கள், எத்தனை விற்றது என்ற விவரமும் அவருக்கு வராது. அடுத்த கட்டத்தில் அவரிடமே பணம் கேட்கிறார்கள். “நான் உழைப்பைப் போடுகிறேன் தம்பி, நீங்கள் அச்சுச் செலவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். சின்ன வேலையில் இருக்கும் ஓர் இளைஞர் கடன் வாங்கிக் கொடுப்பார். பதிலுக்கு ஐம்பது பிரதிகளைக் கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். அவர் அதை நண்பர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்து முடிப்பார். இங்கே தியாகம் செய்தவர் யார்? மேடையில் பொன்னாடை யார் தோளில் ஏறுகிறது? தொண்டு என்று பெயர் வைத்துவிட்டால் பதில் சொல்லும் பொறுப்பு இல்லாமல் போகிறது. தொழில் என்று ஒப்புக்கொண்டால் ஒப்பந்தம் வேண்டும், அச்சு எண்ணிக்கை சொல்ல வேண்டும், மார்ச் முடிந்ததும் கணக்கு அனுப்ப வேண்டும். எங்களில் சிலர் தியாகி பட்டத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

வாசகர் பக்கமும் இதே கதைதான். ஐந்நூறு ரூபாய்க்குச் சிற்றுண்டி வாங்கித் தரும் நண்பர், 150 ரூபாய் நூலைக் கையில் எடுத்து, “எனக்கு ஒரு பிரதி கிடையாதா?” என்பார். அவர் கெட்டவர் அல்ல. தொண்டு நிறுவனத்தில் தருமம் கேட்பது தவறில்லை என்று அவருக்கு நாம்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். விற்ற பிரதிக்குப் பணம் அனுப்பாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் கடைக்காரரும் அப்படித்தான். தேர்வு நூல்களின் பதிப்பாளருக்கு உடனே பணம் போகும். கவிதை போடுகிறவர் கேட்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. கவிதைப் பதிப்பாளர்கள் பலரும் வேறு வேலையின் சம்பளத்தில் சாப்பிட்டவர்கள்தானே? ஆமாம். மீரா கல்லூரிப் பேராசிரியர். சென்னைக்குப் போகாமல் சிவகங்கையில் இருந்தபடியே அன்னம், அகரம் பெயர்களில் நூல்களை வெளியிட்டார்; கி. ராஜநாராயணனையும் புதிய கவிஞர்கள் பலரையும் வாசகரிடம் கொண்டுசேர்த்தார். அவரும் கவிஞர். அந்தச் சம்பளம் இல்லாமல் அன்னம் தொடங்கியிருக்காது என்று சொல்லலாம். ஆனால் சம்பளம் ஒருவரைக் காப்பாற்றும். நல்ல நூலைச் செய்துவிடாது. எந்தக் கையெழுத்துப் படியை எடுப்பது என்ற மீராவின் தேர்வு எந்தச் சம்பளத்திலிருந்தும் வரவில்லை. நெசவாளர் விவசாயமும் பார்க்கிறார் என்பதால் நெசவைத் தொண்டு என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு மறுப்பு, பதிப்பு வேலை கவிஞரைத் தின்றுவிடும் என்பது. நேரத்தைத் தின்னும், உண்மை. பில் போடுவதிலும் பார்சல் கட்டுவதிலும் போன மாலைகளில் ஒரு வரியும் எழுத வந்ததில்லை. ஆனால் பிறர் கவிதையில் மிகையான சொல்லைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் தன் கவிதைக்குத் திரும்பும்போது சலுகை காட்டாது. வரி எங்கே முறிய வேண்டும் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மெய்ப்புத் தாளில் கற்றது. வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்க்கும் கவிஞரிடம், உங்கள் வேலை உங்கள் கவிதையைக் கெடுக்கிறதே என்று யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. சொற்களோடு பழகும் வேலைக்கு மட்டும் எதற்கு இந்த இரங்கல்?

அரசுக்கும் இந்தக் கதை வசதியாக இருக்கிறது. தமிழகத்தின் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முன்னோடி. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியை மக்கள் கட்டுகிறார்கள். நூல் வாங்கவும் நூலகம் நடத்தவும் என்றே வாங்கும் பணம் அது. ஆகவே நூலக ஆணை என்பது பதிப்பாளருக்கு அரசு போடும் பிச்சை அல்ல. வரி கட்டிய வாசகருக்குச் சேர வேண்டிய நூல். அது ஆண்டுதோறும் காலத்தில் வர வேண்டும். கவிதைக்கு உரிய பங்கு வேண்டும். பணம் தாமதிக்கக் கூடாது. தியாகிகளாக நின்றால் இதைக் கெஞ்சிக் கேட்போம். தொழில் செய்கிறவர்களாக நின்றால் உரிமையாகக் கேட்கலாம்.

வரியும் அப்படி. அச்சிட்ட நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தாளுக்கு உண்டு. விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், தாள் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெறும் வழியும் எங்களுக்கு இல்லை. அது நூல் விலையில்தான் ஏறுகிறது. அஞ்சலில் நடந்ததையும் பாருங்கள். குறைந்த கட்டணத்தில் நூல் அனுப்ப உதவிய பதிவு நூல் அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தினார்கள். பதிப்பாளர்கள் நாடெங்கும் குரல் எழுப்பினார்கள். 2025 மே மாதம் 300 கிராம் வரை 20 ரூபாய் என்ற கட்டணத்தில் தொடங்கும் ‘ஞான் போஸ்ட்’ வந்தது. மாதம், காலாண்டு என்று வெளிவரும் இதழ்களுக்கு அது பொருந்தாது. செல்லப்பா இன்று ‘எழுத்து’ நடத்தினால் சந்தாதாரருக்கு அதில் அனுப்ப முடியாது. அவருக்கு விழா எடுக்கும் நாம் இதற்காக ஒரு மனுவாவது கொடுத்தோமா?

இப்போதெல்லாம் முப்பது பிரதிகூட அச்சிட்டுக்கொள்ளலாம், பதிப்பாளரே எதற்கு என்று கேட்கிறார்கள். அச்சிடுவதற்குத் தேவையில்லைதான். எல்லோரும் அச்சிட்டுக்கொள்ள முடிகிற காலத்தில், இது வேண்டாம் என்று சொல்லவும், இதை இன்னும் ஆறு மாதம் வைத்திருங்கள் என்று சொல்லவும் ஓர் ஆள் முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறார். அந்த ஆளின் வேலைக்குக் கூலி உண்டு என்பதே என் வாதம்.

கவிதை வாசிப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். எங்களைத் தியாகிகள் என்று அழைக்காதீர்கள். அடுத்த புத்தகக் காட்சியில் ஒரு கவிதைத் தொகுப்பையாவது விலை கொடுத்து வாங்குங்கள். வாங்கும்போது அரங்கில் நிற்கும் பதிப்பாளரிடம், அது நானாகவே இருந்தாலும், இந்தக் கவிஞருக்கு ராயல்டி கொடுக்கிறீர்களா, கடைசியாக எப்போது கணக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.